இலவசப் பத்திரிகைச் சலுகையும் சொல்லாமல் கழியும் சந்தாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதம் இலவசமாகப் படிக்கலாம் என்று பார்த்ததும் பதிவு செய்கிறோம். பத்திரிகையைத் திறந்து பார்த்தோமா என்பதே மறந்துபோன ஒரு நாளில், வங்கிக் கணக்கிலிருந்து முழுச் சந்தாவும் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. இப்படி மாட்டிக்கொண்டவர்களை அசட்டையானவர்கள் என்று சொல்வது அநியாயம். வாசகர் மறந்துவிடுவார் என்று கணக்குப் போட்டே இந்தச் சலுகைகளில் பல வடிவமைக்கப்படுகின்றன. இதைப் பற்றி வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது.

இலவசப் பத்திரிகை என்றாலே மோசடியா?

இல்லை. உண்மையாகவே காசு வாங்காமல் அனுப்பப்படும் பத்திரிகைகள் உண்டு. அச்சுப் பத்திரிகைகளில் பலவற்றுக்கு விளம்பரம்தான் பெரிய வருமானம். எத்தனை பேர் கைக்குப் பிரதி போய்ச் சேர்கிறது என்பதை வைத்து விளம்பரக் கட்டணம் முடிவாகிறது. எனவே வாசகர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகப் பிரதிகளை இலவசமாகத் தருவது பழைய வழக்கம். மருத்துவம், பொறியியல், கட்டுமானம், தகவல் தொழில்நுட்பம் போன்ற துறைகளுக்கென வெளிவரும் தொழில் இதழ்கள் பலவும் இந்த வகை. என்ன வேலை பார்க்கிறீர்கள், நிறுவனத்தில் உங்கள் பொறுப்பு என்ன என்று அவர்கள் விலாவாரியாகக் கேட்பார்கள். கார்டு எண்ணைக் கேட்க மாட்டார்கள்.

பல நாடுகளின் பொது நூலகங்கள் லிப்பி, பிரஸ்ரீடர் போன்ற செயலிகள் வழியாக உறுப்பினர்களுக்கு மின்னிதழ்களைத் தருகின்றன. பத்திரிகை படிப்பதுதான் நோக்கம் என்றால், எந்தச் சலுகைக்கும் முன்பு உங்கள் நூலகத்தில் இந்த வசதி இருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள்.

எதை வைத்துப் பிரித்தறிவது?

பணம் கட்டும் வழியைக் கேட்கிறார்களா என்று பாருங்கள். கார்டு எண், யுபிஐ ஆட்டோபே (கணக்கிலிருந்து தவணைதோறும் தானாகப் பணம் எடுக்க விடும் அனுமதி), பேபால், ஆப் ஸ்டோர் கணக்கு என எதைக் கேட்டாலும் அது தள்ளிவைக்கப்பட்ட விற்பனை. இன்று நீங்கள் தருவது பின்னொரு நாளில் பணம் எடுத்துக்கொள்வதற்கான அனுமதி.

‘அடையாளத்தைச் சரிபார்க்கத்தான் கார்டு கேட்கிறோம், இப்போது பணம் எடுக்க மாட்டோம்’ என்ற வாசகம் பல பக்கங்களில் இருக்கும். அதில் ‘இப்போது’ என்ற சொல் மட்டுமே உண்மை. கார்டு செல்லுபடியாகிறதா என்று பார்க்க ஒரு சிறு தொகையை நிறுத்திவைத்துத் திருப்பித் தருவதும் நடக்கும். அந்தத் தொகை திரும்பி வந்ததை, கணக்கு முடிந்ததற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கார்டு அவர்களிடம் பதிவாகிவிட்டது என்பதற்கே அது அடையாளம்.

நாம் ‘சரி’ என்று சொல்லாமல் எப்படிப் பணம் எடுக்க முடியும்?

‘வேண்டாம்’ என்று சொல்லாததையே சம்மதமாக எடுத்துக்கொள்ளும் முறை இது. இணையத்துக்கு முன்பே வந்தது. அமெரிக்காவில் 1926-இல் தொடங்கிய ‘புக் ஆஃப் தி மந்த் கிளப்’, உறுப்பினர் மறுத்துக் கடிதம் போடாவிட்டால் அந்த மாதத்துக்கான புத்தகத்தை அனுப்பிவைத்துப் பணம் கேட்டது. இதே முறையில் பல வியாபாரங்கள் பெருகி, புகார்களும் பெருகியதால், அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1973-இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது.

அன்றைக்காவது புத்தகம் வீட்டுக்கு வந்தது, பில்லும் வந்தது, காசோலையில் நாமே கையெழுத்துப் போட்டோம். இப்போது அந்த இடைநிறுத்தங்கள் எதுவும் இல்லை. பணம் தானாகப் போகிறது. பழைய முறையைவிட இன்றைய முறை ஆபத்தாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சலுகைப் பக்கத்தில் குறிப்பாக எதைப் படிக்க வேண்டும்?

முழு விதிமுறைகளையும் யாரும் படிப்பதில்லை. படிக்கச் சொல்வதும் நடைமுறைக்கு ஒத்துவராது. ஆனால் சில இடங்களை விடவே கூடாது.

முதலில், பொத்தானுக்கு அடியில் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருக்கும் சிறு எழுத்து. ‘நீங்கள் ரத்து செய்யும்வரை’, ‘அப்போதைய விலையில்’, ‘தானாகப் புதுப்பிக்கப்படும்’ என்ற சொற்கள் அங்கேதான் இருக்கும். ‘அப்போதைய விலையில்’ என்று இருந்தால், எந்தத் தொகை கழியப்போகிறது என்பதையே அவர்கள் சொல்லவில்லை என்று பொருள். சலுகை விலையின் பல மடங்காகக்கூட அது இருக்கலாம்.

அடுத்து, விலையையும் கழியும் தவணையையும் சேர்த்துப் பாருங்கள். வாரத்துக்கு இவ்வளவுதான் என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஓர் ஆண்டுக்கான மொத்தத்தையும் ஒரே தடவையில் எடுப்பது சர்வ சாதாரணம்.

அச்சுப் பத்திரிகை என்றால், இலவசக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது மிக முக்கியம். புதுச் சந்தாதாரருக்கு முதல் பிரதி வந்து சேரப் பல வாரங்கள் ஆகலாம். ஆனால் இலவசக் காலம் பதிவு செய்த அன்றே ஓடத் தொடங்கியிருக்கும். முப்பது நாள் இலவசம் என்ற சலுகையில், முதல் இதழைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே முப்பது நாள் முடிந்து கட்டணம் கழிந்துவிடலாம். பத்திரிகை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு வாய்ப்பே தராத சலுகையை நேர்மையான முன்னோட்டம் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, முன்கூட்டியே டிக் செய்து வைக்கப்பட்ட பெட்டிகள். வேறு ஏதோ பொருள் வாங்கிப் பணம் கட்டும் பக்கத்தில் ‘நன்றிப் பரிசாக இரண்டு இதழ்கள்’ என்று இருக்கும். டிக்கை எடுக்காமல் விட்டால் சந்தா ஏறிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் கூடுதல் கட்டணத்துக்கு இப்படி முன்கூட்டி டிக் செய்து வாங்கிய சம்மதம் செல்லாது, அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அமெரிக்காவில் ஓர் இணையக் கடை தன்னிடம் உள்ள உங்கள் கார்டு எண்ணை இன்னொரு விற்பனையாளருக்குக் கைமாற்றுவதை 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு பரவியிருந்தால் அதற்கென ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கும்!

இலவசக் காலத்தின் கடைசி நாளில் ரத்து செய்தால் போதாதா?

போதாமல் போகலாம். ஆப்பிள் வழியாக எடுத்த சந்தாவில், இலவசக் காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும். வேறு சில நிறுவனங்கள் இரண்டு மூன்று நாள் முன்பே எழுதச் சொல்கின்றன. நிறுவனம் வேறு நாட்டில் இருந்தால், அவர்களுடைய கடிகாரப்படி உங்கள் கடைசி நாள் ஏற்கெனவே முடிந்திருக்கவும் கூடும்.

பதிவு செய்த அன்றே ரத்து செய்துவிடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பல சந்தாக்களில், ரத்து செய்த பிறகும் இலவசக் காலம் முடியும்வரை படிக்க விடுவார்கள். சிலவற்றில் ரத்து செய்த நொடியே வாசிப்பு நின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் கைப்பேசி நாட்காட்டியில் மூன்று நாள் முன்னதாக ஒரு நினைவூட்டல் வையுங்கள். அதில் ‘சந்தா’ என்று மட்டும் எழுதாமல், எந்த மின்னஞ்சலில் பதிவு செய்தீர்கள், எந்தப் பக்கத்தில் ரத்து செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினால் அன்றைக்குத் தேடி அலைய வேண்டியிருக்காது.

செயலியை அழித்துவிட்டேன். சந்தா நின்றுவிடும்தானே?

நிற்காது. செயலி வேறு, சந்தா வேறு. ஐபோனில் செட்டிங்ஸைத் திறந்து உங்கள் பெயரைத் தொட்டால் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ இருக்கும். ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதிக்குப் போக வேண்டும். யுபிஐ செயலிகளில் ‘ஆட்டோபே’ அல்லது ‘மேன்டேட்’ என்ற பெயரில் இருக்கும். பத்திரிகையின் சொந்த இணையதளத்தில் நேரடியாகக் கார்டு கொடுத்திருந்தால் இவை எதிலும் அது தெரியாது. அங்கேயே போய்த்தான் நிறுத்த வேண்டும்.

கார்டையே பிளாக் செய்து புதுக் கார்டு வாங்கிவிட்டால்?

பலர் இதைத்தான் கடைசி அஸ்திரமாக நினைக்கிறார்கள். நம்பிவிடாதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே, வாடிக்கையாளரின் கார்டு மாறும்போது புதிய எண்ணைச் சந்தா நிறுவனங்களுக்குத் தானாகத் தெரிவிக்கும் சேவைகளை நடத்துகின்றன. வங்கியும் விற்பனையாளரும் அதில் சேர்ந்திருந்தால், பழைய சந்தா புதுக் கார்டிலும் தொடரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பணம் போகாமல் தடுத்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. நிறுவனத்தின் பார்வையில் நீங்கள் பாக்கிக்காரர். பில் அனுப்புவார்கள், சில நாடுகளில் கடன் வசூல் முகவரிடமும் ஒப்படைப்பார்கள். எனவே முதலில் நிறுவனத்திடம் ரத்து, பிறகு வங்கியில் தானியங்கி அனுமதியை நீக்குதல் என்ற வரிசையில் செய்யுங்கள்.

ரத்து செய்யப் போனால் பக்கம் பக்கமாகப் போகிறதே?

வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள். சேர்வதற்கு ஒரு தொடுதல், விலகுவதற்கு ஆறு பக்கம். வழியில் பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள். ‘இல்லை, எனக்கு நல்ல எழுத்து வேண்டாம்’ என்பது போன்ற வாசகத்தைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் வரும்படி வைத்து, உங்களைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவார்கள். இதற்கெல்லாம் வருத்தப்பட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

முக்கியமாக ‘சந்தாவைச் சில காலம் நிறுத்திவைக்கவா?’ என்ற கேள்வியில் கவனம் தேவை. நிறுத்திவைப்பது ரத்து அல்ல. குறித்த காலம் முடிந்ததும் கட்டணம் மறுபடியும் ஓடத் தொடங்கும்.

‘உங்கள் சந்தா ரத்து செய்யப்பட்டது’ என்ற வாசகமும் தேதியும் திரையில் தெரியும்வரை வெளியேறாதீர்கள். தெரிந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உறுதி மின்னஞ்சல் வராவிட்டால், இந்தத் தேதியில் ரத்து செய்துவிட்டேன், இனிப் பணம் எடுக்க அனுமதி இல்லை என்று நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பின்னால் வங்கியில் முறையிடும்போது அந்த இரண்டு வரி பெரிய துணை. தொலைபேசியில் மட்டுமே ரத்து செய்ய முடியும் என்றால், பேசியவரின் பெயரையும் ரத்து எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டது. திரும்பக் கிடைக்குமா?

பல நேரங்களில் கிடைக்கும், ஆனால் தாமதிக்கக் கூடாது. முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகக் கேளுங்கள்: சந்தாவை ரத்து செய்யவும், இன்ன தேதியில் எடுத்த தொகையைத் திருப்பவும் என்று சுருக்கமாக. கோபத்தைக் கொட்டும் நீண்ட கடிதத்தைவிட, தேதியும் தொகையும் உள்ள நான்கு வரிக்கு விரைவாகப் பதில் வரும். புதுப்பித்த சில நாட்களுக்குள் கேட்டால், தகராறு வளர்வதைத் தவிர்ப்பதற்காகவே திருப்பித் தரும் நிறுவனங்கள் உண்டு.

மறுத்தால் அல்லது பதிலே இல்லையென்றால் வங்கிக்குப் போங்கள். அங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீங்களே பதிவு செய்த சந்தாவை ‘இந்தப் பரிவர்த்தனையே எனக்குத் தெரியாது, மோசடி’ என்று எழுதிக்கொடுக்காதீர்கள். நிறுவனம் உங்கள் பதிவு விவரத்தைக் காட்டியதும் புகார் விழுந்துவிடும். ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தார்கள், அல்லது கட்டணம் உண்டு என்று தெளிவாகச் சொல்லவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள். விசாவின் தகராறு விதிகளில் ரத்தான தொடர் கட்டணத்துக்கென்றே 13.2 என்ற தனிப் பிரிவு இருக்கிறது.

காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கிரெடிட் கார்டு பில்லில் தவறு என்றால், அந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்களுக்குள் எழுத வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனமே நேராகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஐரோப்பாவின் ‘செப்பா’ நேரடிப் பற்று முறையில், பணம் எடுத்த 8 வாரங்களுக்குள் காரணம் சொல்லாமலே திரும்பக் கேட்கலாம். ஸ்டேட்மென்ட்டை மாதம் ஒருமுறை வரி வரியாகப் பார்க்கும் பழக்கம் இல்லையென்றால் இந்த உரிமைகளால் பயனில்லை. பில்லில் பத்திரிகையின் பெயர் இருக்காது, சந்தாவை நிர்வகிக்கும் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

முன்பைவிட இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை.

இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் கடுமையாகின. கார்டில் தொடர் கட்டணத்தைப் பதிவு செய்யும்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வங்கி தகவல் அனுப்ப வேண்டும், அதிலிருந்தே விலகவும் வழி இருக்க வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுபவர்கள் ஏராளம். தயவுசெய்து படியுங்கள், உங்களுக்காகவே தரப்பட்ட 24 மணி நேரம் அது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், நுகர்வோரைத் திசைதிருப்பும் 13 வகை உத்திகளைத் தடை செய்கின்றன. சேர்ந்தவரை எளிதாக விலகவிடாத ‘சந்தாப் பொறி’யும் அவற்றில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் செய்த ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் விலகலாம். தனிப் பிரதியாக வாங்கிய பத்திரிகைக்கு அந்த உரிமை இல்லை, சந்தாவுக்கு உண்டு. ஜெர்மனியில் 2022 ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் ரத்து செய்யும் பொத்தானையும் இணையதளத்திலேயே தெளிவாக வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் சேர்வது போலவே எளிதாக விலகவும் வழி வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஒரு விதி அறிவிக்கப்பட்டது. அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருமுன்பே, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி விதியை ரத்து செய்தது. நுகர்வோருக்கு அது பெரிய இழப்பு. ஆனாலும், கார்டு எண்ணைக் கைமாற்றுவதைத் தடுப்பதாக மேலே சொன்ன 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. கட்டண விவரத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், வெளிப்படையான சம்மதம் வாங்க வேண்டும், எளிய ரத்து வழி தர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துகிறது.

சலுகையும் வேண்டும், பயமும் இருக்கிறது. பாதுகாப்பான வழி உண்டா?

சில வங்கிகள் ஒருமுறை மட்டும் செல்லும் மெய்நிகர் கார்டு எண்ணைத் தருகின்றன, சிலவற்றில் செலவு வரம்பையும் நீங்களே வைக்கலாம். யுபிஐ ஆட்டோபே என்றால், ஒப்புதல் திரையில் பின் எண்ணை அடிப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: அதிகபட்சத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதிவரை. முதல் மாதம் இலவசம் என்ற சந்தாவின் உண்மையான விலை அந்தத் திரையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சந்தா முடியப்போகிறது, உடனே புதுப்பிக்கவும் என்று கடிதம் வந்திருக்கிறது. கட்டலாமா?

அனுப்பியது யார் என்று பாருங்கள். பதிப்பாளருக்குச் சம்பந்தமே இல்லாத இடைத்தரகர்கள், பில் போலவே தோன்றும் கடிதங்களை அனுப்பி, உண்மையான விலையைவிடக் கூடுதலாக வசூலிப்பது உண்டு. தபாலில் வரும் பிரதியின் முகவரிச் சீட்டில் பெரும்பாலும் சந்தா முடியும் தேதி அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, பத்திரிகைக்குள் அச்சிட்டிருக்கும் முகவரி அல்லது எண்ணில் மட்டுமே தொடர்புகொள்ளுங்கள்.

கேட்காமலே பத்திரிகை வருகிறது. பணம் தர வேண்டுமா?

அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் சட்டங்களில், கேட்காமல் அனுப்பிய பொருளுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் எப்போதோ டிக் செய்த ஒரு பெட்டியின் விளைவாக அது இருக்கலாம், அதனால் கார்டு ஸ்டேட்மென்ட்டை ஒருமுறை பாருங்கள்.

அப்பா அம்மாவுக்குத் தொலைபேசியில் இப்படிச் சலுகை சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பரிசு விழுந்திருக்கிறது, இதழ்கள் இலவசம், தபால் செலவு மட்டும் கட்டினால் போதும் என்று தேனொழுகப் பேசுவார்கள். சில வாரக் கட்டணம் என்று சொல்லி, பல இதழ்களுக்குப் பல ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிடுவதும் நடந்திருக்கிறது. கடைசியில் ‘சரிதானே?’ என்று கேட்டு, ‘ஆமாம்’ என்ற பதிலைப் பதிவு செய்துகொண்டு, பிறகு அதையே ஒப்பந்தம் என்று காட்டுவார்கள்.

அழைத்தவரிடம் கார்டு எண் சொல்வதில்லை, எழுத்தில் அனுப்புங்கள், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று பதில் சொல்லப் பழக்குங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் திட்டாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை பணம் போனதை மறைப்பார், தகராறு எழுப்பும் காலக்கெடு அதற்குள் தாண்டிவிடும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டேட்மென்ட்டைச் சேர்ந்து பாருங்கள்.

ரத்து செய்த பிறகும் பிரதிகள் வந்துகொண்டிருக்கின்றனவே?

அச்சுப் பத்திரிகையின் முகவரிப் பட்டியல் பல வாரங்களுக்கு முன்பே தயாராகிவிடும். அதனால் ரத்துக்குப் பின் ஓரிரு பிரதிகள் வருவது வழக்கம்தான். படித்துக்கொள்ளுங்கள். பணம் எடுக்கப்படவில்லை என்பதை அடுத்த ஸ்டேட்மென்ட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு மேலும் வந்தால் ரத்துக் கடிதத்தின் நகலை இணைத்து மறுபடி எழுதுங்கள்.